போட்ஸ்வானா போறோம், அங்க பக்கத்து வீட்டு சனத்தோட எப்படி பழகுறது? இருந்தவங்க சொல்லுங்களேன்

கொட்டகலை பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொட்டகலை பக்கம் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ, இப்ப ரெண்டு வருஷமா கொழும்புல ஒரு அனெக்ஸ்ல இருக்கோம். வீட்டுக்காரருக்கு ஆபிரிக்காவுல இருக்கிற போட்ஸ்வானாவுல, தலைநகரம் கபரோன்ல எக்கவுண்ட்ஸ் வேலை கெடைச்சிருக்கு, பேப்பர் எல்லாம் சரிவந்தா மே மாசம் நானும் நாலு வயசு மகனும் கூடவே போறோம்.

யூடியூப்ல தேடினா யானை, சிங்கம், ஒகவாங்கோ ஆறு, வைரச் சுரங்கம் இதுதான் வருது, எனக்கு வேண்டியது அது இல்ல. நான் லயத்துல வளர்ந்தவ, ஒரே கூரைக்கு அடியில பன்னெண்டு காம்பரா, கறிக்கு உப்பு இல்லன்னா சுவத்துல தட்டினா போதும் அடுத்த வீட்டு அத்தை கிண்ணத்தோட வந்துரும். கொழும்புக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, மேல் வீட்ல இருக்கிறவங்க பேரு கூட இன்னும் தெரியாது. போன வருஷம் இவரு வேலை விஷயமா மட்டக்களப்பு போயிருந்தப்ப நடுராத்திரியில மகனுக்கு காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துருச்சு, புள்ளைய தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு எந்தக் கதவை தட்டுறதுன்னு தெரியாம அழுதுக்கிட்டு நின்னேன் பாருங்க, அதை நெனச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. தெரிஞ்ச ஊருலயே இப்படின்னா பாஷை தெரியாத ஊருல நான் என்ன செய்யப் போறேன்?

அதனாலதான் கேக்குறேன். அங்கத்து சனம் எப்படி, நம்மளா போயி கதைச்சா கதைப்பாங்களா, பக்கத்து வீட்ல ஒரு சாவுன்னா நம்ம போகலாமா போகக் கூடாதா, நல்லது கெட்டதுக்கு கூப்பிட்டா என்ன கொண்டு போகணும், சாப்பாட்டுல மாட்டிறைச்சி இல்லாம எதுவுமே இல்லைன்னு இவரோட கூட வேலை செய்ற ஒருத்தர் சொன்னாரு, நாங்க மாடு சாப்பிட மாட்டோம், அதை எப்படி மனசு நோகாம சொல்றது, இது எல்லாம் யாராவது அங்க இருந்தவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

பண்டாரவளை டீச்சர் வீட்டம்மா எழுதியது:

தங்கச்சி, உன்னோட கேள்விய பாத்ததும் எனக்கு இருவது வருஷத்துக்கும் மேல முந்தி நானே எழுதின மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மேத்ஸ் வாத்தியாரு, செரோவே பக்கம் ஒரு கிராமத்து ஸ்கூல்ல ஆறு வருஷம் படிப்பிச்சாரு, ரெண்டாவது புள்ளை அங்கதான் பொறந்தான். அந்தக் காலத்துல நம்ம நாட்டு வாத்தியாருங்க அங்க நெறைய பேரு இருந்தாங்க.

எல்லாத்துக்கும் முந்தி ஒண்ணு. அங்க வணக்கம் சொல்லாம ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது. போன மொத வாரமே நான் பட்ட பாட்டை சொல்றேன் கேளு. ஏதோ ஒரு ஃபோர்ம் வாங்க ஒரு கவுண்டருக்கு போயி நின்னேன், நம்ம ஊரு பழக்கத்துல அவசரமா இந்த ஃபோர்ம் வேணும்னு இங்கிலீஷ்ல கேட்டேன். அந்தம்மா பேனாவ கீழ வச்சிட்டு என் முகத்தைப் பாத்து "டுமேலா ம்மா" ன்னுச்சு. நான் திரும்பவும் ஃபோர்ம்னேன். அதுவும் திரும்ப "டுமேலா ம்மா", அதே நிதானமா. எனக்குப் பின்னால நின்ன ஒரு கிழவிதான் என் முழங்கையை தொட்டு மெதுவா வணக்கம் சொல்லுன்னு காட்டிக் குடுத்துச்சு. "டுமேலா ம்மா" ன்னு நான் சொன்ன உடனே அந்தம்மா முகமே மாறிப் போச்சு, ஃபோர்மையும் குடுத்து நெரப்பியும் குடுத்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. நம்ம அப்பாயி கூட வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு சொல்லாம ஒண்ணும் கேக்க மாட்டாங்களே, நான் அதை கொழும்புல தொலைச்சிட்டேன்னு அன்னைக்குத்தான் விளங்குச்சு.

பொம்பளைன்னா "டுமேலா ம்மா", ஆம்பளைன்னா "டுமேலா ர்ரா", நெறைய பேரு இருந்தா "டுமேலாங்". அந்த ம்மா நம்ம அம்மா மாதிரியேதான் காதுல விழும், நீ சீக்கிரம் புடிச்சிருவ. அதுக்குப் பொறகு "ஓ காய்" ன்னு கேப்பாங்க. எழுத்துக்கு எழுத்து பாத்தா "நீ எங்க இருக்க" ன்னு அர்த்தம், ஆனா சுகமான்னுதான் கேக்குறாங்க. பதிலு "கே டெங்", இங்கதான் இருக்கேன்னு அர்த்தம். பெரியவங்களை கேக்கும்போது "லே காய்", அவங்க "ரே டெங்" ம்பாங்க, நம்ம நீ நீங்க மாதிரிதான். எனக்கு இந்த ரெண்டு வார்த்தை ரொம்பப் புடிக்கும். ஒருத்தரைப் பாத்து எங்க இருக்கன்னு கேக்குறதும் இங்கதான் இருக்கேன்னு அவரு சொல்றதும், சுகம் விசாரிக்க இதை விட வேற என்ன வேணும்.

கை குடுக்கும்போதும் ஒரு பொருளை குடுக்கும்போதும் வாங்கும்போதும் வலது கையாலதான், இடது கை வலது முழங்கைக்கு கிட்ட தொட்டுக்கிட்டு இருக்கணும். கடையில மிச்சக் காசு வாங்குறப்ப கூட சின்னப் புள்ளைங்க அப்படித்தான் வாங்கும். உன் மகனுக்கு இப்பவே பழக்கு. அடுத்தவங்க வீட்டுக்குப் போனா நேரா உள்ள போயி கதவை தட்டாத, கேட்டுக்கிட்ட நின்னு "கோ கோ" ன்னு குரல் குடு, உள்ள இருந்து வரச் சொன்னாத்தான் போகணும். பொறகு உன்னை உன் பேரு சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க, மகன் பேரோட ம்மா சேத்துத்தான், இன்னாரோட அம்மான்னு. நம்ம லயத்துலயும் மூத்த புள்ளை பேரைச் சொல்லி அதோட அம்மான்னுதானே கூப்பிடுறோம்.

சாவு வீட்டை பத்தி கேட்டியே, அதுதான் முக்கியமான கேள்வி. கட்டாயம் போ. நாங்க போயி நாலாவது மாசம் பின் வீட்டு கிழவி செத்துப் போச்சு. நம்ம வெளியாளு, கூப்பிடாம போகக் கூடாதுன்னு இவரு சொன்னாரு, நானும் ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே இருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்தி சாயுற நேரம் அந்த வீட்டு முத்தத்துல சனம் கூடி ஜெபம் பண்ணி பாடுவாங்க, ஒரு கருவி கிடையாது, வெறும் தொண்டைதான், நாலு குரலா பிரிஞ்சு வர்ற அந்தப் பாட்டு எங்க குசினி ஜன்னல் வழியா வந்துச்சு, என்னால தாங்க முடியல. மூணாவது நாள் தலையில துணிய கட்டிக்கிட்டு தோள்ல ஒரு சால்வைய போட்டுக்கிட்டு போனேன். அங்க பொம்பளைங்க தலையும் தோளும் மூடித்தான் இருக்கணும், காற்சட்டை போட்டுக்கிட்டு போயிராத. யாரும் என்னை நீ யாருன்னு கேக்கல. ஒரு அக்கா தரையில பாயை நகர்த்தி எடம் விட்டுச்சு, அவ்வளவுதான்.

அங்க அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை விடியக் காலையில. வெள்ளிக்கிழமை அந்தியில பிரேதத்தை வீட்டுக்கு கொண்டு வருவாங்க, ராத்திரி முழுக்க முழிச்சிருப்பாங்க, வெளிய மூணு கால் இரும்புச் சட்டியில ஆம்பளைங்க மாட்டிறைச்சி அவிப்பாங்க, வெயில் ஏற முந்தி எல்லாம் முடிஞ்சிரும். குழிய மூடுறது கூலியாளு இல்ல, வந்த ஆம்பளைங்கதான் மாறி மாறி மண்ணு போடுவாங்க. எங்க வீட்டுக்காரரு ஒதுங்கி நின்னாரு, பக்கத்துல இருந்த ஒரு பெரியவரு ஒண்ணுமே கதைக்காம மண்ணு அள்ளுற சவலை இவரு கையில குடுத்தாரு. இவரும் போட்டாரு. திரும்பி வரும்போது கேட்டுக்கிட்ட பேசின்ல தண்ணி வச்சிருந்தாங்க, எல்லாரும் கை கழுவிட்டுத்தான் உள்ள போகணும். மயானத்துல இருந்து வந்தா கை கால் கழுவாம வீட்டுக்குள்ள போகாத நம்மளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அடுத்த நாள் காலையில கேட்டுல "கோ கோ" ன்னு ஒரு குரல், செத்த கிழவியோட மக, காய வச்ச கௌபி இலைக் கறி ஒரு கிண்ணம் கொண்டு வந்திருந்துச்சு. அன்னையில இருந்து ஆறு வருஷம் எங்க வீட்டு கேட்டு சும்மா இருந்ததே இல்ல.

மிச்சத்தை பொறகு எழுதுறேன், அடுப்புல சோறு.

பிரான்சிஸ்டவுன் மெக்கானிக் எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் நூத்துக்கு நூறு. நான் மஸ்கெலியா பக்கம், இங்க பிரான்சிஸ்டவுன்ல வாகனம் திருத்துற எடத்துல ஒம்போது வருஷமா இருக்கேன், தங்கச்சிக்கு சில விஷயம் சொல்றேன் எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்க கராஜ்ல இருந்து போன்லதான் அடிக்கிறேன்.

இங்க ஒருத்தர்னா மொட்ஸ்வானா, பல பேருன்னா பட்ஸ்வானா, பாஷை செட்ஸ்வானா, இதை மொதல்ல சரியா சொன்னாலே சந்தோஷப்படுவாங்க. நம்ம கபரோன்னு சொல்றோம் அவங்க வாயில அது ஹாபரோனே, அந்த எழுத்து தொண்டைக்குள்ள இருந்து ஹ மாதிரிதான் வரும். காசுக்கு பேரு புலா, புலான்னா மழை. 1966ல சுதந்திரம் கெடைச்ச பொறகும் பத்து வருஷம் தென்னாபிரிக்கா ராண்ட்தான் ஓடுச்சு, 1976லதான் சொந்தக் காசு அடிச்சாங்க, அதுக்கு மழைன்னு பேரு வச்சாங்க பாருங்க, கலஹாரி வனாந்தரம் நாட்டுல முக்காவாசிய புடிச்சிருக்கிற எடத்துல மழையை விட பெரிய சொத்து என்ன. கூட்டத்துல ஒரு பெரிய மனுசன் பேசி முடிச்சா சனம் எல்லாம் கையை தூக்கி "புலா" ன்னு கத்துவாங்க. நமக்கு மழைன்னா மண்சரிவு, கொழுந்து எடுக்க ஏலாம ஈரக் கம்பளியோட நிக்கிறது, நான் வந்த மொத வருஷம் நவம்பர்ல மழை பேஞ்சப்ப எங்க போர்மன் வேலைய விட்டுட்டு வெளிய போயி மொகத்தை மேல தூக்கிக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நின்னாரு, அறுவது வயசு ஆளு, நான் குடையை எடுத்துக்கிட்டு ஓடினேன், வேணாம்னுட்டாரு.

பஸ்ஸுக்கு பதிலா வேன் ஓடும் கொம்பின்னு சொல்லுவாங்க, நீல நம்பர் பிளேட் போட்டிருக்கும், ஏறும்போது உள்ள இருக்கிற எல்லாருக்கும் சேத்து "டுமேலாங்" சொல்லிட்டு உக்காரணும், ஹட்டன் பஸ்ல ஏறி அப்படி சொன்னா திரும்பிப் பாப்பாங்க, இங்க சொல்லலன்னாத்தான் திரும்பிப் பாப்பாங்க.

அப்புறம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூணு எடம் இருக்கும், கிராமத்துல வீடு, மழைக் காலத்துல வெதைக்கிற நெலம் அதுக்கு மசிமோன்னு பேரு, தூரத்துல மாடு நிக்கிற எடம் மொராக்கா. டவுன்ல பேங்க்ல வேலை செய்ற கோட்டு சூட்டு ஆளும் வெள்ளிக்கிழமை அந்தியில பிக்கப்ப எடுத்துக்கிட்டு மாட்டைப் பாக்க போயிருவான். கிறிஸ்மஸ் வந்தா டவுன் எல்லாம் வெறிச்சோடிரும், எல்லாரும் சொந்தக் கிராமத்துக்கு. கொழும்புல கடையில நிக்கிற நம்ம தோட்டத்து பயலுக தீபாவளிக்கு மொத நாள் கோட்டைக்கு வந்து பஸ்ஸுல தொங்கிக்கிட்டு மலைக்கு வருவோம்ல, நானும் அப்படி நாலு வருஷம் தொங்கினவன்தான், இங்க பஸ் ஸ்டாண்ட்ல டிசம்பர் மாசம் அந்தக் கூட்டத்தை பாக்கும்போது கண்ணு கலங்கிரும்.

கொட்டகலை பொண்ணு எழுதியது:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் வாசிச்சு காட்டினேன், சாவு வீட்ல சவலை குடுத்த எடம் வந்ததும் அம்மா ஒண்ணும் பேசாம இருந்தாங்க. எங்க அப்பா செத்தப்பவும் லயத்து ஆளுங்கதான் குழி வெட்டினாங்க.

மாட்டிறைச்சி விஷயம் மட்டும் இன்னும் மனசுல உறுத்துது. அப்படி மனசோட கூப்பிட்டு சாப்பாடு போடுறவங்ககிட்ட எப்படி வேணாம்னு சொல்றது? அப்புறம் கல்யாணத்துக்கு கூப்பிட்டா என்ன செய்யணும்?

பண்டாரவளை டீச்சர் வீட்டம்மா எழுதியது:

இதுக்கு எனக்கு வழி காட்டினது அந்த பின் வீட்டு மகதான். அங்க ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. பக்வேனா ஆளுங்களுக்கு முதலை, பங்வாட்டோவுக்கு ஒரு சின்ன மான், பக்காட்லாவுக்கு குரங்கு. அவங்கவங்க குலத்து மிருகத்தை அவங்க கொல்லக் கூடாது, சாப்பிடக் கூடாது, தோலைக் கூட தொட மாட்டாங்க. நான் மொதல்ல மதம், கோவில், விரதம்னு என்னென்னமோ விளக்கம் சொல்லிப் பாத்தேன், மரியாதையா தலையாட்டுவாங்க ஆனா விளங்கல. ஒரு நாள் அந்தப் பொண்ணே கேட்டுச்சு, அப்ப மாடு உங்க குலத்து மிருகமான்னு. எனக்கு பொட்டுன்னு ஏதோ தெறந்த மாதிரி இருந்துச்சு. ஆமா, எங்க குலத்துக்கு மாடு ஆகாதுன்னேன். அவ்வளவுதான், அதுக்குப் பொறகு ஒருத்தரும் வற்புறுத்தல, சட்டியில இருந்து பரிமாற வர்ற ஆளுகிட்ட அவங்களே சொல்லிருவாங்க இந்தம்மாவுக்கு வேற கரண்டின்னு.

மாடு இல்லாமலும் சாப்பாடு நெறைய இருக்கு தங்கச்சி. போஹோபேன்னு ஒரு களி, மாபெலேன்ற தானியத்துல கிண்டுறது. நம்ம இங்க சோளம்னு சொல்ற மக்காச்சோளம் இல்ல, இது சின்ன உருண்டை மணி. புளிக்க வச்சு கிண்டினா நம்ம கூழு வாசம் வரும். புளிச்ச பாலு இருக்கு, கௌபி இலைக் கறி இருக்கு, கோழி இருக்கு, காலையில மஹ்வின்யான்னு எண்ணெயில பொரிச்ச உருண்டை மாவு ரோட்டோரம் சுடச் சுட விப்பாங்க. மோபானே மரத்துப் புழுவை காய வச்சு விப்பாங்க, அதைப் பாத்து மொகம் சுளிக்காத, அவங்களுக்கு அது விருந்து. செஸ்வான்னு சொல்றதுதான் அந்த மாட்டிறைச்சி, உப்பும் தண்ணியும் தவிர ஒண்ணும் போடாம அவிச்சு இடிக்கிறது, நான் சாப்பிடல, ஆனா சட்டிக்கிட்ட உக்காந்து கதைக்கிறது என்னைக்கும் விட்டதில்ல.

பிரான்சிஸ்டவுன் மெக்கானிக் எழுதியது:

கல்யாணம் நான் சொல்றேன் அக்கா, எங்க கராஜ்ல கூட வேலை செய்றவனோட கல்யாணத்துக்கு பேச்சுவார்த்தையில இருந்து மாடு ஓட்டிக்கிட்டு போனது வரைக்கும் கூடவே நின்னவன் நானு. பொண்ணு கேக்குறதுக்கு மாப்பிள்ளை போகக் கூடாது, மாமன்மாருதான் போகணும், அதுலயும் தாய்மாமன் மலோமேன்னு சொல்லுவாங்க அவரு இல்லாம ஒரு காரியம் நடக்காது, நம்ம தாய்மாமனுக்கு காதுகுத்துல என்ன எடமோ அதே எடம். விடியக் காலையிலேயே பொண்ணு வீட்டுக்கு போயி உக்காந்து பணிவா கேக்குறாங்க, அதுக்கு பாட்லோன்னு பேரு, பொம்பளைங்க எல்லாம் லெடெய்சின்னு நீலப் பூப்போட்ட துணியில தைச்ச கவுனும் தோள்ல கம்பளிப் போர்வையும்.

பொறகு போஹாடி குடுக்குறது. இங்க கேளுங்க, மாப்பிள்ளை வீடுதான் பொண்ணு வீட்டுக்கு குடுக்குது, மாடா. பல எடத்துல எட்டு மாடு, இனத்துக்கு இனம் வித்தியாசம் இருக்கும், இப்ப டவுன்ல மாட்டுக்கு பதிலா காசாவும் குடுக்குறாங்க. நம்ம ஊருல பொண்ணு வீட்டுக்காரங்க சீதனத்துக்கு கடன் வாங்கி அந்த வட்டியை கட்டியே கெழவனா போன ஆளுகளை பாத்தவன் நான், எங்க அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கின கடனை நான் வெளிநாட்டுக்கு வந்துதான் அடைச்சேன். அதுக்காக இங்க கரைச்சலே இல்லன்னு சொல்லல, மாடு வாங்க காசில்லாம புள்ளை குட்டி பெத்த பொறகும் கல்யாணம் முடிக்காம இருக்கிறவங்க நெறைய பேரு, என் கூட்டாளியும் அப்படித்தான் ஏழு வருஷம் சேத்தான். ஆனா அந்த மாடு அவங்க முத்தத்துல போயி நிக்கிற அன்னைக்கு பொண்ணோட பாட்டி வெளிய வந்து நாக்கை சுழட்டி ஒரு கொலவை போட்டுச்சு பாருங்க, நம்ம ஊரு கொலவையேதான், மயிர் கூச்செறிஞ்சு போச்சு.

இராகலை எக்கவுண்டன் எழுதியது:

நான் கபரோன்லதான் 5 வருஷமா இருக்கேன், கணக்கு வேலை. அக்காவும் அண்ணனும் சொல்றது உண்மைதான், ஆனா அவங்க ஒருத்தர் கிராமத்துல இருந்தவங்க, இன்னொருத்தர் பட்டறையில பத்து பேரோட வேலை செய்றவரு. தங்கச்சி போறது கபரோனுக்கு. அதனால வேற பக்கத்தையும் சொல்லணும்.

டவுன்ல வீட்டைச் சுத்தி மதில். மதிலுக்கு மேல கரண்ட் கம்பி. கேட்டுல நாய். காலையில எல்லாரும் காருல போயிருவாங்க, அந்தியில காருல வந்து கேட்டை பூட்டிக்குவாங்க. நான் வந்து ஒம்போது மாசம் பக்கத்து வீட்டுக்காரர் மொகத்தைப் பாக்கல. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எனக்கு நரகம். நாடு பெருசு, சனம் குறைவு, மொத்தமே இருவத்தஞ்சு லட்சம் கிட்டத்தான், கொழும்பு மாவட்டத்து சனத்தோட அளவு. நீ நெனைக்கிற லயம் கேட்டைத் தொறந்த உடனே இருக்காது, இதை தெரிஞ்சுக்கிட்டு வா.

இன்னொண்ணும் இருக்கு. நம்ம நெறத்தைப் பாத்தா கடை மொதலாளின்னுதான் நெனைப்பாங்க. சில கடையில வேலையாளுங்களை நாயை வெரட்டுற மாதிரி வெரட்டுறதை நானே கண்ணால பாத்திருக்கேன், அவங்க நம்மளைப் பாத்து மொதல்ல ஒதுங்குறதுக்கு காரணம் இல்லாம இல்ல. நம்ம தாத்தா பாட்டிய துரைமாரும் கங்காணிமாரும் எப்படி நடத்தினாங்கன்னு கேட்டு வளர்ந்தவங்க நாம. அதனால நீ மொத வணக்கம் சொல்றது வெறும் மரியாதை மட்டும் இல்ல, நான் அந்த மாதிரி ஆளு இல்லன்னு சொல்றதும்தான்.

எனக்கு வழி தெறந்தது ஒரு சீட்டால. மொட்செலோன்னு சொல்லுவாங்க. ஒஃபிஸ்ல பொம்பளைங்க பத்து பேரு சேந்து மாசா மாசம் காசு போட்டு, அதை வட்டிக்கு குடுத்து வாங்கி, டிசம்பர்ல பங்கு பிரிப்பாங்க. ஒரு நாள் அவங்க கணக்கு சரிவரலைன்னு கொப்பியை வச்சுக்கிட்டு தலையை சொறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எங்க அம்மாவும் இருவது வருஷம் சீட்டு புடிச்சவங்க, அந்தக் கொப்பியை எழுதினது நான்தான், 100 பேஜ் சீஆர் கொப்பி, செவப்பு கோடு போட்டு. உக்காந்து அரை மணித்தியாலத்துல பிழையை கண்டுபுடிச்சு குடுத்தேன். அடுத்த மாசம் என்னையும் சேத்துக்கிட்டாங்க. அதுக்குப் பொறகுதான் எனக்கு யாரு வீட்ல சாவு, யாரு வீட்ல கல்யாணம்னு சேதி வந்துச்சு. நம்ம தோட்டத்து மரணாதார சங்கம் மாதிரி சாவுக்கு காசு சேக்குற சங்கமும் இங்க ஊருக்கு ஊரு இருக்கு, அதுலயும் இப்ப இருக்கேன்.

புள்ளைக்கு வலிப்பு வந்ததை எழுதியிருந்த. வந்த மொத வாரமே ரெண்டு பக்கத்து வீட்டு நம்பரையும் வாங்கி வை. கேட்டுல நின்னு "கோ கோ" சொல்லு, என் மகனுக்கு இப்படி ஒரு கரைச்சல் இருக்கு, அவசரம்னா கூப்பிடுவேன்னு நேரா சொல்லு. புள்ளைன்னு சொன்னா இங்க யாரும் கதவை மூட மாட்டாங்க, இதை நான் தைரியமா சொல்லுவேன். ஆம்புலன்ஸ் 997, போலீஸ் 999. ப்ளாக் 8 பக்கம் பாலாஜி கோவில் இருக்கு, அங்கயும் நம்ம சனம் கொஞ்சம் வரும், ஆனா அங்க மட்டும் போயிட்டு வந்து வீட்டுக்குள்ள இருந்துராத.

பண்டாரவளை டீச்சர் வீட்டம்மா எழுதியது:

தம்பி சொன்னதை நான் மறுக்கல. எங்க காலத்துலயே கபரோன் போனா எனக்கு மூச்சு முட்டும். டவுனுக்கு டவுன் மாதிரிதான் இருக்கும். ஆனா அந்த மதிலுக்கு உள்ள இருக்கிறவங்களும் சனிக்கிழமை விடியறதுக்குள்ள எங்கயோ ஒரு கிராமத்துக்கு சாவுக்கு போறவங்கதான். வேலைக்கு உதவிக்கு வர்ற அக்காவோ, இவரோட ஒஃபிஸ்ல இருக்கிறவங்களோ, யாராவது ஒருத்தர் ஊருக்கு கூப்பிட்டா சாக்கு சொல்லாம போ. ராமோட்ஸ்வா, மோச்சுடி எல்லாம் கபரோன்ல இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள.

அப்படிப் போனா கோட்லாவை பாரு, ஊர்க் கூட்டம் கூடுற எடம், மரக் கட்டைங்களை நட்டு அரை வட்டமா வேலி கட்டியிருப்பாங்க, கோசின்னு சொல்ற தலைவரு நடுவுல உக்காருவாரு, யாரு வேணும்னாலும் எழும்பி பேசலாம், தப்பா பேசினாலும் நடுவுல மறிக்கக் கூடாது. தப்பானதையும் பேச விட்டாத்தான் நல்லதை சொல்றவனும் வாயைத் தொறப்பான்னு அவங்க பாஷையில ஒரு பழமொழியே இருக்கு. தோட்டத்துல தலைவருகிட்ட வாயைத் தொறக்கவே பயந்த சனத்துல இருந்து போன எனக்கு அது ரொம்பப் பெருசாப் பட்டுச்சு. நாங்க இருந்த காலத்துலதான் 2002ல ராமோட்ஸ்வாவுல மொசாடி செபோக்கோன்னு ஒரு அம்மா பலேட்டே சனத்துக்கு கோசியா வந்தாங்க, அந்த நாட்டுல மொத மொதல்ல ஒரு பொம்பளை அந்த எடத்துக்கு வந்தது அப்பதான். எங்க தெருவுல கிழவிங்க அன்னைக்கு ரேடியோவை சத்தமா வச்சுக்கிட்டு திரிஞ்சாங்க. கோட்லாவுக்கும் பாவாடை, தலையில துணி, மறந்துராத.

கொட்டகலை பொண்ணு எழுதியது:

இராகலை அண்ணே, நீங்க உள்ளதை உள்ளபடி எழுதினதுக்கு ரொம்ப நன்றி, இவருக்கும் வாசிக்க குடுத்தேன். மொட்செலோ கதையை வாசிச்சிட்டு நம்ம கல்யாணத்துக்கு நகை வாங்கினதே அம்மா புடிச்ச சீட்டுலதானேன்னாரு.

மகனுக்கு ரெண்டு நாளா பழக்குறேன். இந்த கிழமை தோட்டத்துக்கு போயிருந்தோம், அப்பாயி கையால குடுத்த ரொட்டியை இடது கையை முழங்கைல வச்சுக்கிட்டு வாங்கினான், அப்பாயிக்கு ஒண்ணும் புரியல, என்னடா கையில சுளுக்கான்னு கேட்டு எண்ணெய் எடுக்க போயிட்டாங்க.

ஒரே ஒரு கேள்வி. மொத தடவை பக்கத்து வீட்டுக்கு போகும்போது என்ன கொண்டு போகலாம்? தேயிலை கொண்டு வந்தா விரும்புவாங்களா?

பிரான்சிஸ்டவுன் மெக்கானிக் எழுதியது:

தேயிலைதான் தங்கச்சி, வேற ஒண்ணும் வேணாம். இங்க எல்லாரும் தேத்தண்ணி குடிப்பாங்க, சீனி அள்ளிப் போட்டு பாலு ஊத்தி, தென்னாபிரிக்காவுல இருந்து வர்ற ரூய்போஸ்ன்ற செவப்பு மூலிகைத் தேத்தண்ணியும் குடிப்பாங்க, ஆனா நம்ம டஸ்ட்டுல போட்ட சாயத்தை ஒரு தடவை குடிச்சவங்க என்னை விடவே மாட்டேங்குறாங்க. நான் லீவுல வந்துட்டு போகும்போது பாதி சூட்கேஸ் அதுதான். போர்மனுக்கு குடுக்கும்போது எங்க அம்மா கொழுந்து எடுத்த மலையில இருந்து வந்ததுன்னு சொன்னேன், அவரு பேக்கட்டை ரெண்டு கையாலயும் வாங்கி மூக்குக்கிட்ட வச்சு கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு, பொறகு உங்க அம்மா பேரு என்னன்னு கேட்டாரு. அதுல இருந்து தேத்தண்ணி போடும்போதெல்லாம் எங்க அம்மா பேரைச் சொல்லித்தான் கேப்பாரு. நீயும் சும்மா பேக்கட்டை நீட்டிட்டு வந்துராத, எந்த மலை, யாரு எடுத்ததுன்னு சொல்லிக் குடு, அவங்களே உக்காரச் சொல்லுவாங்க.

டின்ல போட்டு கொண்டு வா, பேக்கட்டு வழியில பிஞ்சிரும். மே மாசம்னா குளிர் தொடங்குற நேரம், ஜூன் ஜூலையில ராத்திரி நுவரெலியா மாதிரி உறைஞ்சு போகும், பகல்ல நல்ல வெயில், வீட்டுக்குள்ள சூடாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது, சீமெந்துத் தரை வேற. புள்ளைக்கு கம்பளிச் சட்டையும் காலுக்கு மேசும் மறக்காம எடுத்துக்க. நேரம் இங்க உங்களை விட மூணரை மணித்தியாலம் பின்னால, வந்து எறங்கினதும் அம்மாவுக்கு கோல் பண்ணு, அங்க தூங்கிருப்பாங்கன்னு பாக்காத.